பிரஷர் மாத்திரை எங்கே போய் வேலை செய்கிறது?

அயோத்தியாப்பட்டணம் பக்கத்துக் கிராமங்களில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கும்போது, வயதானவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “தலைசுத்தல் நின்னு போச்சுங்க, அதான் மாத்திரையை நிறுத்திட்டேனுங்க.” 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. பலருக்கு அது அம்லோடிபின். அதை ஏன் நிறுத்தக் கூடாது என்பதற்கான விடை ரத்தக் குழாயின் சுவரில் இருக்கிறது.

சிறு தமனிகளின் சுவரைச் சுற்றி வளைத்துக் கிடக்கின்றன மென்தசைச் செல்கள். நம் விருப்பத்துக்கு அவை கட்டுப்படுவதில்லை. செல்லின் மேல்சவ்வில் உள்ள நுண்வாயில்கள் திறந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி மயோசின் இழையில் பாஸ்பேட்டை ஏற்ற, மயோசின் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கிறது. குழாய் சுருங்குகிறது. குடத்தைத் தூக்கிய கை சில நிமிடங்களில் சோர்ந்துவிடும். இந்தத் தசையோ மிகக் குறைந்த ஆற்றலில் மணிக்கணக்காக இறுகியே நிற்கும்.

குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ரத்த ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இறுக்கம் கொஞ்சம் கூடினாலே இதயத்துக்குச் சுமைதான்.

தளர்வதற்கும் தனி ஏற்பாடு உண்டு. கால்சியம் வெளியேற்றப்பட வேண்டும். வேறொரு நொதி பாஸ்பேட்டைக் கழற்ற வேண்டும். இதைத் தூண்டுவதில் குழாயின் உள்தோலுக்குப் பங்கு இருப்பதை அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் காட்டினார். முயலின் தமனித் துண்டில் அசிட்டைல்கோலினை விட்டபோது, உள்தோல் தேய்ந்து போயிருந்த துண்டு தளரவே இல்லை; உள்தோல் கெடாத துண்டு தளர்ந்தது. உள்தோல் அனுப்பும் அந்தச் சேதி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எனப் பிறகு தெரிந்தது. 1998இல் அவரும் இக்னாரோ, முராத் ஆகிய இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையும் இதே வழியில்தான் தசையைத் தளர்த்துகிறது.

அம்லோடிபினின் வேலை வேறு: கால்சியம் நுழையும் வாயிலை அடைப்பது. உடலில் மருந்து இருக்கும்வரைதான் அந்த அடைப்பு. ஒரு வேளை மருந்தில் பாதி வெளியேற 30 முதல் 50 மணி நேரம் ஆவதால் தினம் ஒன்று போதும். நிறுத்தினால் சில நாட்களில் வாயில்கள் பழையபடி திறந்துவிடும். தலைசுற்றல் இல்லாமலே பிரஷர் ஏறும்.

கணுக்கால் வீங்குகிறது என்று நிறுத்துவோரும் உண்டு. இந்த மருந்து தமனியைத் தளர்த்தும் அளவுக்குச் சிரையைத் தளர்த்துவதில்லை. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. வீக்கத்தை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவார்.