புது லினக்ஸ் மக்கர் பண்ணுதா? ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. சென்னிமலையிலிருந்து சித்தப்பா போன்.

"கண்ணு, நீ போட்டுக் குடுத்த லினக்ஸு டி டிரைவைப் பூட்டிக்கிச்சு. எதையும் சேவ் பண்ண உடமாட்டேங்குது. கடைக்காரத் தம்பி மொத்தமா ஃபார்மட் பண்ணித்தான் ஆகோணுங்கறான். பண்ணச் சொல்லிரட்டுமா?"

தூக்கம் மொத்தமும் போச்சு. அந்த டி டிரைவில் இருப்பது ஆறு வருஷத்து பெட்ஷீட் டிசைன்கள். சித்தப்பா ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, கட்டம் கட்டமாகப் போட்டது. பேக்கப் இருக்குங்களான்னு கேட்டேன். "அது எதுக்கு கண்ணு, அதான் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குதே!"

"சித்தப்பா, லேப்டாப்பை மூடி அப்படியே வெச்சிருங்க. யாரையும் தொட உடாதீங்க. நான் ஈரோட்டுல பஸ் ஏறிட்டேனுங்க."

பஸ்ஸில் போகும்போதே ஓரளவுக்கு யூகம் இருந்தது. தப்பு லினக்ஸோடது இல்லை, என்னோடது. ஒரே ஒரு செட்டிங்கை மாத்தாமல் விட்டிருந்தேன்.

முதலில், சித்தப்பாவுக்கு எதுக்கு லினக்ஸ்? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 போடலாம்னா, டிபிஎம் 2.0 சிப் வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேணும். சித்தப்பாவோட லேப்டாப் ஆறாவது தலைமுறை. மெஷின் ஜம்முன்னு ஓடுது, ஆனா தகுதி இல்லை! டிசைன் சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் அதை நெட் இல்லாமல் அப்படியே வைத்துவிட்டு, பேங்க், மெயில், யூடியூபுக்கெல்லாம் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். ஒரே லேப்டாப்பில் ரெண்டு ஓஎஸ். டூயல் பூட்.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? அதில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. எங்க கிளாஸில் பாதிப் பேர் லேப்டாப் வந்த முதல் வாரமே சினிமா வைக்க இடம் வேணும்னு அதைத் தூக்கி எறிஞ்சாச்சு. நானும்தான்.

தூங்குற விண்டோஸ், பூட்டுற லினக்ஸ்

சரி, டி டிரைவ் கதைக்கு வருவோம். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னு ஒண்ணு இருக்கு. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசா அணையாது. தன்னோட உள் நிலையை ஹார்ட் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு அரைத் தூக்கம் போடும். அடுத்த முறை ஆன் பண்ணும்போது அங்கிருந்தே எழுந்து வரும். சீக்கிரம் ஆன் ஆகிறதின் ரகசியம் இதுதான்.

விண்டோஸ் அப்படித் தூங்கும்போது, தான் திறந்து வைத்திருந்த டிரைவ்களிலும் 'வேலை இன்னும் முடியலை'ன்னு ஒரு குறி வைத்துவிட்டுப் போகும். லினக்ஸ் வந்து பார்க்கும். குறி இருக்கிற டிரைவில் நாம எதையாவது எழுதினால், நாளைக்கு விண்டோஸ் எழுந்ததும் ரெண்டு பேர் கணக்கும் இடிக்கும், ஃபைல்கள் நாசமாகும். அதனால் 'படிச்சுக்கோ, எழுதாதே'ன்னு ரீட் ஒன்லியாகத் திறக்கும், இல்லைன்னா திறக்கவே மறுக்கும். சித்தப்பா பாஷையில் அது 'பூட்டிக்கிச்சு'. உண்மையில் அந்தப் பூட்டுதான் அவரோட டிசைன்களைக் காப்பாத்திட்டு இருந்தது!

போய்ச் சேர்ந்ததும் விண்டோஸுக்குள் போனேன். கன்ட்ரோல் பேனல், அதில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் 'பவர் பட்டன் என்ன செய்யணும்' என்கிற பக்கம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டு முழுசா ஷட் டவுன். லினக்ஸில் திரும்பி வந்தால் டி டிரைவ் சமர்த்தாகத் திறந்தது. மொத்தம் நாலு நிமிஷம். அவசரத்துக்கு, ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அந்த ஒரு தடவை முழுசா அணையும்.

ஒரு எச்சரிக்கை. அந்தத் தூக்க ஃபைலை லினக்ஸிலிருந்தே வலுக்கட்டாயமாக அழிக்கிற வழியும் நெட்டில் கிடைக்கும். விண்டோஸ் ஹைபர்நேட்டில் இருந்து, உள்ளே சேவ் பண்ணாத வேலை ஏதாவது கிடந்தால் அது போச்சு. விண்டோஸ் பூட் ஆகிற நிலைமையில் இருக்கிற வரை அந்தப் பக்கமே போகாதீங்க.

அஞ்சரை மணி நேரம் எங்கே போச்சு?

காபி குடிச்சுட்டு இருக்கும்போது சித்தப்பா இன்னொண்ணு சொன்னார். "மணியும் தப்பாக் காட்டுது கண்ணு. பேட்டரி போயிருச்சாமா, மாத்தோணுமாமா."

எவ்வளவு தப்புன்னு பார்த்தேன். காலை பத்தரைக்கு விண்டோஸ் அஞ்சு மணின்னு காட்டியது. சரியாக அஞ்சரை மணி நேரம் பின்னாடி. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிமாஸ் பேட்டரி செத்தால் தேதி எங்கேயாவது தாறுமாறாகப் போகும். இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்காகப் பார்த்துத் தப்புப் பண்ணாது.

மதர்போர்டில் ஒரு சின்ன கடிகாரம் இருக்கு. அதில் இருப்பது உள்ளூர் நேரம்னு விண்டோஸ் நம்பும். அதில் இருப்பது பொது நேரம்னு லினக்ஸ் நம்பும். லினக்ஸ் பொது நேரத்தை எழுதி வைத்துவிட்டுப் போக, விண்டோஸ் வந்து அதையே நம்ம ஊர் நேரம்னு படிக்குது. சில லினக்ஸ் இன்ஸ்டாலர்கள் இதைத் தானாகவே சரிபண்ணிவிடும், சிலது பண்ணாது. லினக்ஸ் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கமாண்டில் 'செட் லோக்கல் ஆர்டிசி' என்பதை 1 ஆக்கினால் லினக்ஸும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். இது லட்சணமான வழி இல்லைன்னு அந்த கமாண்டே ஒரு எச்சரிக்கை காட்டும். விண்டோஸை பொது நேரத்துக்கு மாத்துறதுதான் சுத்தமான வழி. ஆனா அதுக்கு ரிஜிஸ்ட்ரியில் கை வைக்கணும். சித்தப்பா லேப்டாப்பில் நான் சுலபமானதையே செய்தேன்.

வைஃபை வராதது பெரிய பிரச்னையாகத் தெரியும், ஆனா சின்னதுதான். சில பிராட்காம், ரியல்டெக் சிப்களுக்கான டிரைவர் இன்ஸ்டால் பண்ணும்போதே வந்து சேராது. அதை டவுன்லோடு பண்ண நெட் வேணும், நெட் வர அது வேணும்! உங்க போனை டேட்டா கேபிளில் சொருகி, யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. கம்பி வழி நெட் மாதிரி லினக்ஸ் எடுத்துக்கும். அப்புறம் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே தேடிக் கொடுக்கும்.

பாஸ்வேர்டு சரிதான், கீபோர்டுதான் தப்பு

தமிழில் டைப் பண்ண ஆசைப்பட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் ஒரு ரகம். 1999-ல் தமிழ்நாடு அரசு அங்கீகரித்த தமிழ்99 கீபோர்டு லினக்ஸில் ஐபஸ் மூலமாக அருமையாக வேலை செய்யும். எம்17என் பேக்கேஜைப் போட்டு, இன்புட் மெத்தடாக ஐபஸ்ஸைத் தேர்வு பண்ணி, ஒரு தடவை லாக் அவுட் பண்ணி வரணும். அந்தக் கடைசி ஸ்டெப்பை மறந்துவிட்டு, 'வேலை செய்யலை'ன்னு மூணு தடவை அழிச்சு அழிச்சுப் போடுறவங்களை எனக்குத் தெரியும்.

இன்னும் மோசமான தப்பு, கீபோர்டு லேஅவுட் பக்கத்தில் தமிழை முதலாவதாக வைத்து ஆங்கிலத்தைத் தூக்கிவிடுவது. அடுத்த நாள் லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டு சரியாக அடித்தாலும் தப்புன்னு வரும். மறைச்ச எழுத்துங்கிறதால் உள்ளே தமிழ் விழுவது தெரியாது. லாகின் திரையின் மூலையில் இருக்கிற லேஅவுட் அடையாளத்தைப் பாருங்க, ஆங்கிலத்துக்கு மாத்துங்க. ஆங்கிலம் முதலில், தமிழ் ரெண்டாவது. வரிசைதானே, இதில் மொழிப்பற்றைக் காட்ட வேண்டாம்!

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிற லேப்டாப்னா ஒரு தனித் தொல்லை உண்டு. செக்யூர் பூட் ஆனில் இருந்தால், டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒண்ணு வரும். பதறி 'கன்டின்யூ பூட்' அழுத்திவிடுவோம். அங்கே 'என்ரோல் எம்ஓகே' தேர்வு பண்ணி அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கணும். விட்டுட்டீங்கன்னா டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுங்க, திரும்பக் கேட்கும். செக்யூர் பூட்டையே அணைச்சுடலாம்னு சிலர் சொல்வாங்க. அதுக்கு முன்னாடி விண்டோஸில் பிட்லாக்கர் ஆனில் இருக்கான்னு பாருங்க. இருந்தால் அதோட ரெக்கவரி கீயைக் குறிச்சு வெச்சுக்கோங்க. கீ இல்லாமல் அணைச்சுட்டு விண்டோஸ் கீ கேட்டு நின்னால், அப்போ நிஜமாவே பூட்டிக்கும்.

அந்த 90 விநாடி

இப்போ நானே பண்ணின கூத்து. டி டிரைவ் தானாகவே திறக்கணும்னு சித்தப்பா கேட்டார். டிஸ்க்ஸ் ஆப்பில் 'எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்' போய் அழகாகச் செய்யலாம். நான் கெத்துக் காட்ட, எஃப்எஸ்டாப் ஃபைலை நேரடியாகத் திறந்து டிரைவோட ஐடியைக் கையால் அடித்தேன். ஒரு எழுத்து விட்டுப்போச்சு.

ரீஸ்டார்ட். கறுப்புத் திரை. 'ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது'ன்னு 90 விநாடிக் கணக்கு ஓடுது. இல்லாத டிரைவை லினக்ஸ் தேடிட்டு இருக்கு. பக்கத்தில் சித்தப்பா, அவருக்குப் பின்னாடி சித்தி. 90 முடிந்ததும் 'எமர்ஜென்சி மோடு'ன்னு வந்து நின்றது. "என்னாச்சு கண்ணு?" என்று சித்தி கேட்ட தொனியில் ஆறு வருஷத்து பெட்ஷீட்டும் இருந்தது.

பேரு பயமாக இருந்தாலும், அந்தத் திரை கொடுப்பது ரிப்பேர் பண்ற வாய்ப்பு. மின்டில் பெரும்பாலும் என்டர் தட்டினால் உள்ளே விடும், சில லினக்ஸில் ரூட் பாஸ்வேர்டு கேட்கும். நானோ எடிட்டரில் எஃப்எஸ்டாப்பைத் திறந்து, நான் சேர்த்த வரிக்கு முன்னால் ஒரு # போட்டு, சேவ் பண்ணி ரீஸ்டார்ட் கொடுத்தேன். வந்துவிட்டது. # போட்ட வரியை லினக்ஸ் படிக்காது. அப்புறம் ஒழுங்கு மரியாதையாக டிஸ்க்ஸ் ஆப்பிலேயே செய்தேன். அதில் 'நோ ஃபெயில்' என்கிற வார்த்தை தானாகவே இருக்கும். டிரைவ் கிடைக்காவிட்டாலும் பூட் ஆகிறதை நிறுத்தாதேன்னு அர்த்தம்.

என்னால் உடனே சரிபண்ண முடிஞ்சதுக்கு ஒரே காரணம், ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி நான் மாத்தியது அந்த ஒரு வரி மட்டும்தான். அன்னிக்கு டிரைவர், தீம், கீபோர்டு எல்லாத்தையும் சேர்த்து மாத்தியிருந்தால் எதைச் சந்தேகப்படுறது? ஒண்ணு மாத்துங்க, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, அப்புறம் அடுத்தது. மின்டில் டைம்ஷிஃப்ட்னு ஒரு டூல் கூடவே வரும். மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சா சிஸ்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம். ஆனா வழக்கமா அது உங்க சொந்த ஃபைல்களைச் சேர்த்து எடுக்காது. போட்டோவும் டிசைனும் தனியாகத்தான் பேக்கப் எடுக்கணும்.

இன்ஸ்டால் பண்ணின பென் டிரைவையும் அழிச்சுடாதீங்க. எதுவுமே பூட் ஆகாத நாளில் அதைச் சொருகி லைவ் மோடில் வந்தால், உள்ளே இருக்கிற ஃபைல்களை வெளி டிஸ்குக்கு காப்பி பண்ணலாம். ஃபார்மட் பண்ணச் சொல்றவங்க, பண்ணட்டும்ங்க. அதுக்கு முன்னாடி இந்த அரை மணி நேர வேலையைப் பண்ணச் சொல்லுங்க.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கை மாட்டி, மொத்த டிசைனையும் காப்பி போட்டேன். அது முடியும் வரை சித்தப்பா நகரவே இல்லை. முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி, மஞ்சள் பையில் சுற்றி, பீரோவில் பத்திரப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

"இனி பிரிண்டர் மட்டுந்தான் பாக்கி கண்ணு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துருவீல்ல?"