நெவாடா: ஒரு போர்க்கப்பலின் பணிக்காலமும் அதன் கருத்தாக்களும்

கப்பலின் வரலாறு கூறும் நூல்களில் எழுவாயாக நிற்பது பெரும்பாலும் கப்பலே. கப்பல் புறப்பட்டது, கப்பல் சுட்டது, கப்பல் தப்பியது என்றே எழுதுகிறோம். இதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. கருவியை வினைமுதல்போல வைத்துக் கூறுவது தமிழில் இயல்பான வழக்கு. எனினும், மூன்றாம் வேற்றுமையை விளக்கும் நம் இலக்கண நூலார் கருவி வேறு, கருத்தா வேறு எனப் பிரித்தே கூறினர். கருத்தாவையும் இரண்டாக வகுத்தனர். அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் அரசன் ஏவுதற்கருத்தா. தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றால் தச்சன் இயற்றுதற்கருத்தா. இப்பாகுபாட்டைத் துணையாகக் கொண்டு, அமெரிக்கக் கடற்படையின் நெவாடா என்னும் போர்க்கப்பலின் பணிக்காலத்தை இக்கட்டுரையில் காண்போம்.

1. பிறப்பும் அமைப்பும்

ஒரு போர்க்கப்பலின் வாழ்வில் சில நிலைகள் உண்டு. அடிமரமாகிய ஏராவை இடுதல், உடற்பகுதி முடிந்தபின் நீரில் இறக்குதல், பணியில் அமர்த்துதல், பணியிலிருந்து விடுவித்தல், கடற்படைப் பட்டியலிலிருந்து பெயர் நீக்குதல் என்பன அவை. நெவாடாவிற்கு 1912 நவம்பர் 4 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குயின்சி நகரில் ஏரா இடப்பட்டது. 1914 சூலை 11 அன்று அது நீரில் இறக்கப்பட்டது. 1916 மார்ச் 11 அன்று பணியில் அமர்த்தப்பட்டது. அமெரிக்கப் போர்க்கப்பல்களுக்கு மாநிலங்களின் பெயரைச் சூட்டும் மரபின்படி, கடலே இல்லாத ஒரு மேற்கு மாநிலத்தின் பெயர் இதற்கு அமைந்தது.

மூன்று புதுமைகள் இக்கப்பலைத் தனித்துக் காட்டின. முதலாவது எரிபொருள். அதுவரை அமெரிக்கப் போர்க்கப்பல்களில் நிலக்கரியே முதன்மையான எரிபொருளாக இருந்தது. நெவாடாவின் கொதிகலன்கள் எண்ணெயால் மட்டுமே இயங்கின. கரியை மண்வெட்டியால் அள்ளி உலையில் இடும் தொழிலாளர் கூட்டம் இதனால் தேவையற்றதாயிற்று. இரண்டாவது, ஒரே சுழல்கோபுரத்தில் மூன்று பெரும்பீரங்கிகளை வைத்த அமைப்பு. மூன்றும் இரண்டும் இரண்டும் மூன்றுமாக நான்கு கோபுரங்களில் 14 அங்குலப் பீரங்கிகள் பத்து இருந்தன. மூன்றாவது கவசம். கப்பல் முழுவதும் நடுத்தரத் தகடுகளைப் பரப்புவதை விடுத்து, வெடிமருந்துக் கிடங்கு, பொறியறை போன்ற உயிர்நிலைகளுக்கு மட்டும் மிகத் தடித்த கவசம் இட்டு, ஏனைய இடங்களைக் கவசமின்றியே விட்டனர். பக்கக் கவசத்தின் உச்சத் தடிப்பு 13.5 அங்குலம்.

இவை யாவும் ஒரே நோக்கத்திற்காக அமைந்தவை. எதிரியின் போர்க்கப்பலைத் தொலைவில் கண்டு, அதனோடு பீரங்கிப்போர் புரிவதே அந்நோக்கம். தன் முப்பதாண்டுப் பணிக்காலத்தில் அத்தகைய போர் ஒன்றையேனும் நெவாடா கண்டதில்லை என்பதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

2. காத்திருந்த ஆண்டுகள்

முதல் உலகப்போரில் அமெரிக்கா 1917இல் சேர்ந்தது. ஆயினும் அதன் புத்தம்புதிய கப்பல்கள் உடனே ஐரோப்பா செல்லவில்லை. பிரிட்டனில் நிலக்கரி இருந்தது. எண்ணெய் அரிதாக இருந்தது. எனவே கரியில் ஓடும் பழைய கப்பல்களே முதலில் அழைக்கப்பட்டன. நெவாடா 1918 ஆகஸ்டில்தான் அயர்லாந்தின் பாண்ட்ரி விரிகுடாவை அடைந்தது. அங்கிருந்து கப்பலணிகளுக்குக் காவலாக நின்றது. மூன்று திங்களில் போர் ஓய்ந்தது.

1922ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை புதிய போர்க்கப்பல்கள் கட்டுவதைத் தடுத்தது. ஆகவே நாடுகள் பழைய கப்பல்களையே புதுப்பித்தன. நெவாடா 1927 முதல் 1930 வரை நார்போக் கப்பல் தளத்தில் இருந்தது. முக்காலிப் பாய்மரம் போன்ற புதிய கம்பங்கள் நிறுவப்பட்டன; பீரங்கிகள் மேலும் உயர்ந்து நெடுந்தொலைவு சுட வகை செய்யப்பட்டது; பணி நீங்கிய நார்த் டகோட்டா என்னும் கப்பலின் சுழலிப் பொறிகள் இதற்கு மாற்றப்பட்டன.

3. 1941 திசம்பர் 7

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹவாய்த் தீவின் பேர்ல் துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. சில இணையிணையாக நின்றன. நெவாடாவோ அரிசோனாவிற்குப் பின்னே, வரிசையின் கடைக்கோடியில் தனித்து நின்றது. காலை எட்டு மணிக்குக் கொடியேற்றும் வேளையில் ஜப்பானிய வானூர்திகள் தாக்கின. மேல்தளத்தில் நாட்டுப்பண் இசைத்துக்கொண்டிருந்த இசைக்குழுவினர், குண்டுகள் பாயும்போதும் அதை முடித்துவிட்டே கலைந்தனர்.

சற்று நேரத்தில் ஒரு டார்பிடோ நெவாடாவின் முற்பகுதியைத் துளைத்தது. முன்னே நின்ற அரிசோனா வெடித்துச் சிதறியது. அதில் 1,177 பேர் மாண்டனர். இந்நிலையில் நெவாடா கட்டவிழ்த்துப் புறப்பட்டது. அன்று அவ்வரிசையிலிருந்து நகர்ந்த போர்க்கப்பல் இது ஒன்றே.

'நெவாடா புறப்பட்டது' என்னும் இத்தொடரின் கருத்தாக்களைத் தேடுவோம். கப்பல் தலைவர் அப்போது கரையில் இருந்தார். கப்பலில் இருந்தோருள் மூத்தவரான பிரான்சிஸ் தாமஸ் என்னும் அதிகாரி தலைமையேற்றார். வழக்கமாக இத்தகைய கப்பல் புறப்பட இரண்டு மணி நேரத்திற்கு மேலான முன்னேற்பாடும் இழுவைப் படகுகளின் துணையும் வேண்டும். அன்று முக்கால் மணி நேரத்திற்குள், இழுவைப் படகு ஏதுமின்றிப் புறப்பட முடிந்தது. காலைப் பொறுப்பில் இருந்த ஜோசப் டாசிக் என்னும் இளம் அதிகாரி இரண்டாவது கொதிகலனையும் முன்கூட்டியே மூட்டச் செய்திருந்தது இதற்கு ஒரு காரணம். ஒரு கொதிகலனின் சுமையை மற்றொன்றிற்கு மாற்றுவதற்காகச் செய்த அன்றாட ஏற்பாடு அது. அவர் அத்தாக்குதலில் ஒரு காலை இழந்தார்.

கட்டுக்கயிறுகளை அவிழ்க்க எட்வின் ஹில் என்னும் தலைமை மாலுமி, நங்கூரத் திட்டிற்குத் தம் ஆட்களுடன் இறங்கினார். கயிறுகளை விடுவித்தபின், நகரத் தொடங்கிய கப்பலை நீந்தி வந்து பிடித்து ஏறினார். பின்னர் நங்கூரம் இறக்க முற்பட்டபோது குண்டுவெடிப்பில் மாண்டார். கீழே மின்னாக்கி அறையில் புகையும் வெப்பமும் தாங்கவொண்ணா நிலையை அடைந்தபோது, டொனால்டு ராஸ் என்னும் பொறியாளர் தம் ஆட்களை வெளியேற்றிவிட்டு, நினைவிழக்கும்வரை தாமே பணி செய்தார். இவ்விருவருக்கும் அந்நாட்டின் உச்சப் படைவீர விருதாகிய மெடல் ஆஃப் ஆனர் வழங்கப்பட்டது.

நகரும் கப்பலைக் கண்ட இரண்டாம் அலை வானூர்திகள் அதன்மீதே பாய்ந்தன. ஆறு குண்டுகளேனும் அதன்மேல் விழுந்தன. குறுகிய வாயிலில் அது மூழ்கினால் துறைமுகமே அடைபடும். எனவே கடலுக்குச் செல்லாது கரையோரத்தில் தரைதட்ட வைத்தனர். அறுபது பேர் மாண்டனர். 109 பேர் காயமுற்றனர்.

மூன்று நாள் கழித்து, திசம்பர் 10 அன்று, சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டிருந்த பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய பெருங்கப்பல்கள் நம் குவாந்தான் கடற்பகுதியில் வானூர்திகளால் மூழ்கடிக்கப்பட்டன. அவை கடலில் இயங்கிக்கொண்டிருந்தபோதே வீழ்ந்தவை. பெரும்பீரங்கிக் கப்பல் கடலை ஆளும் காலம் முடிந்தது என்பதை அந்த ஒரு வாரம் உணர்த்தியது.

4. மீட்பும் மறுபணியும்

காலம் முடிந்த ஒரு கருவியை ஏன் மீட்டனர்? கரையை நோக்கிச் சுடும் பெரும்பீரங்கிகளின் தேவை இருந்ததே காரணம். மூழ்குநர்கள் சேறும் எண்ணெயும் நிறைந்த அறைகளுக்குள் இறங்கித் துளைகளை அடைத்தனர். தேங்கிய நீரில் உருவான நச்சுவளியால் மீட்புப் பணியாளர் இருவர் இறந்தனர். 1942 பிப்ரவரி 12 அன்று கப்பல் மீண்டும் மிதந்தது. பின்னர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பியூஜெட் சவுண்டு தளத்தில் செப்பனிடப்பட்டது. இதன் உடன்பிறப்புக் கலமான ஓக்லஹோமாவிற்கு அப்பேறு வாய்க்கவில்லை. கவிழ்ந்த அதனை நிமிர்த்தினரேனும், அது மீண்டும் பணிக்குத் திரும்பவில்லை.

1943 மே திங்களில் அலாஸ்காவை அடுத்த ஆட்டுத் தீவிலும், 1944 சூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையிலும், ஆகஸ்டில் தென்பிரான்சிலும் நெவாடாவின் பீரங்கிகள் முழங்கின. பேர்ல் துறைமுகத்தில் தாக்குண்டு, நார்மண்டித் தரையிறக்கத்திலும் பங்கேற்ற போர்க்கப்பல் இது ஒன்றே. தேய்ந்த பீரங்கிக் குழல்களுக்கு மாற்றாக, முன்னர் அரிசோனாவில் இருந்த குழல்களும் இதில் பொருத்தப்பட்டன. அவற்றுள் ஒன்றை இன்றும் பீனிக்ஸ் நகரில் காணலாம். 1945இல் ஐவோ ஜிமாவிலும் ஒகினாவாவிலும் பணி தொடர்ந்தது. மார்ச் 27 அன்று தற்கொலைப்படை வானூர்தி ஒன்று மோதியதில் 11 பேர் மாண்டனர்.

5. இலக்காக மாறிய கருவி

போர் முடிந்தபின் ஏவுதற்கருத்தாக்கள் இக்கப்பலுக்கு வேறொரு பணி வகுத்தனர். 1946 சூலையில் பிக்கினித் தீவில் நிகழ்ந்த அணுகுண்டு ஆய்வில், குறிபார்ப்போர்க்குத் தெளிவாகத் தெரியும்படி இதற்குச் செம்மஞ்சள் வண்ணம் பூசி நடுவே நிறுத்தினர். இதற்காகப் பிக்கினித் தீவு மக்கள் 167 பேர் முன்னரே வேறொரு தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வானிலிருந்து வீசிய முதற்குண்டு குறி தவறியது. நீருக்கடியில் வெடித்த இரண்டாவதையும் கப்பல் தாங்கியது; ஆனால் கதிரியக்கத்தால் மனிதர் வாழ ஒண்ணாததாயிற்று. ஆகஸ்டு 29 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது.

1948 சூலை இறுதியில் ஹவாய்க்கு அப்பால் அதனைச் சுடுபயிற்சிக்கு இலக்காக்கினர். ஐயோவா முதலிய கப்பல்கள் நாட்கணக்கில் சுட்டும் அது மூழ்கவில்லை. சூலை 31 அன்று வானூர்தி எறிந்த டார்பிடோவே அதனை மூழ்கடித்தது. போர்க்கப்பலின் பீரங்கிகளுக்கு அது இலக்கானது அந்தப் பயிற்சியில்தான். சுட்டவை தன் நாட்டுக் கப்பல்களே. 2020இல் ஆய்வாளர்கள் அதன் சிதைவை ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்தில் கண்டறிந்தனர்.

6. முடிவுரை

செயப்பாட்டு வினை பணி வரலாற்றின் இயல்பான நடை. அமர்த்தப்பட்டது, மீட்கப்பட்டது, விடுவிக்கப்பட்டது என்னும் சொற்களால் ஒரு பக்கத்தில் முப்பதாண்டுகளை அடக்கிவிடலாம். 'ஆல்' உருபு நீங்கும்போது அத்தொடரிலிருந்து நீங்குவோர் யாவர் என்பதையும் நாம் கருத வேண்டும். கப்பலை ஏவியோர் பெயர்கள் ஆவணங்களில் எளிதிற் கிட்டும். கொதிகலன் மூட்டியோர், கயிறு அவிழ்த்தோர், சேற்றில் மூழ்கித் துளை அடைத்தோர், தீவைவிட்டு அகன்றோர் ஆகியோரை நாம் தேடித்தான் எழுவாயிடத்தில் வைக்க வேண்டும். தமிழில் அறிவியல், வரலாற்றுக் கட்டுரை எழுதப் பயிலும் மாணவர்க்கு நாம் பரிந்துரைப்பது இதுவே: செயப்பாட்டு வினை வரும்போதெல்லாம், 'யாரால்' என்னும் வினாவை ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுக.