உங்களுக்குத் தெரியுமா? இரண்டு சூத்திரம் சேர்ந்தால் கணக்கு தேங்காது!

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் பழைய இயந்திர உறுப்பை ஸ்கேன் செய்து, அதன் வளைபரப்பைக் கணினியில் மீட்டெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அளந்த புள்ளிகளுக்கும் வரைந்த பரப்புக்கும் உள்ள பிழை மிகக் குறைய வேண்டும். கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் 1,00,000 என்றால், அதற்கு ஒரு வழியான நியூட்டன் முறையின் அணியில் 1,000 கோடி இடங்கள்! முழுதாகச் சேமிக்க 80 ஜிபி நினைவகம் போய்விடும். இன்னொரு வழியான இணைச்சரிவு முறைக்கோ சில எண்வரிசைகளே போதும். ஒவ்வொன்றும் 1 எம்பிக்கும் குறைவு.

1952-இல் ஹெஸ்டனஸ், ஸ்டீஃபல் இருவரும் நேரியல் சமன்பாடுகளுக்காகத் தந்த முறை இது; பிறகு இதுபோன்ற பிழை குறைக்கும் கணக்குகளுக்கும் விரிந்தது. மலையிறங்குபவர் போல, இப்போதைய சரிவோடு முந்தைய திசையின் ஒரு பங்கையும் சேர்த்து அடுத்த அடி வைக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். பிளெட்சர்–ரீவ்ஸ் சூத்திரம் (1964) புதிய சரிவின் வர்க்கத்தைப் பழையதன் வர்க்கத்தால் வகுக்கிறது. அடி மிகச் சிறிதானால் இரண்டும் ஏறக்குறைய சமம். பங்கு 1-ஐ ஒட்டியே நிற்கும், தவறான திசையும் விடாது தொடரும். போலாக்–ரிபியேர் சூத்திரம் (1969) சரிவுகளின் வித்தியாசத்தைப் பார்ப்பதால், அப்போது பங்கு தானாகவே சுழியை நெருங்கி, பழைய திசை மறக்கப்படும். அருமையான குணம்! ஆனால் அது முடிவுக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கவும் கூடும் என்று 1984-இல் பவல் காட்டினார்.

அங்கே பிறந்ததுதான் கலப்பு முறை. ஹூ, ஸ்டோரி (1991) இருவரும் இந்த இரண்டு சூத்திரங்கள் தரும் பங்குகளில் சிறியதை எடுத்தார்கள். அது எதிர்மறையானால் சுழி. வேகமும் கிடைத்தது, உறுதியும் கிடைத்தது. 2001-இல் டாய், யுவான் இதே உத்தியை வேறொரு சூத்திர இணைக்கும் பொருத்தினார்கள்.