சாணியை விட்டுப் பாயும் காளான், சாணியைத் தேடி வரும் மான்

மாட்டுக் கொட்டகைப் பக்கம் வளர்ந்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். சாணி கிடக்கும் இடத்தைச் சுற்றிப் புல் செழித்திருக்கும். ஆனால், மாடு அதில் வாய் வைக்காது. சாணியிலேயே முளைக்கும் ஒரு பூஞ்சைக்கு இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை.

அதன் பெயர் பிலோபோலஸ். நாம் சமைக்கும் காளானுக்குத் தூரத்து உறவு. ஓரிரு சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணாடி போன்ற தண்டு, நுனியில் நீர் நிறைந்த குமிழ், அதன் மேல் வித்துகள் அடங்கிய கறுப்புத் தொப்பி. இந்த வித்துகள் மாட்டின் வயிற்றுக்குள் போய் வெளியேறினால்தான் அடுத்த தலைமுறை. மாடு சாணியருகே வராதென்றால், தொப்பிதான் புல்லுக்குப் போக வேண்டும். குமிழுக்குள் இருக்கும் அழுத்தம் கார் டயரில் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அது வெடிக்கும்போது தொப்பி இரண்டு மீட்டர் வரை பறந்து புல்லில் ஒட்டிக்கொள்கிறது. வேகம் நொடிக்குச் சுமார் 9 மீட்டர்.

இதற்கு நேர்மாறானது கிழக்கு ஆப்பிரிக்காவின் டிக்-டிக் மான். இரலை இனத்தைச் சேர்ந்த இது, நம்மூர் கஞ்சிலைவிடச் சற்றே பெரியது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. ஓட்டத்தில் காளானை வென்றுவிடும். ஆனால் கிளம்பும் வேகத்தில் காளானை நெருங்கவே முடியாது. தொப்பி புறப்படும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் சுமார் 20,000 மடங்கு!

டிக்-டிக் இணை பிரியாமல் வாழும். ஜோடியாக ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்ப வந்து புழுக்கை போடும். பெண் முதலில், பிறகு ஆண் மண்ணைக் கிளறித் தன்னுடையதையும் சேர்க்கும். அந்தக் குவியல்தான் அவற்றின் எல்லைக்கல். வேலி போட ஆளில்லை, என்ன செய்வது?

மாடு வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு சேதி உண்டு. மாட்டின் நுரையீரலைத் தாக்கும் ஒரு வகைப் புழுவின் குஞ்சுகள், பிலோபோலஸ் தண்டில் ஏறித் தொப்பியோடு சேர்ந்து புல்லுக்குப் பறந்து விடுகின்றன. குளிர்ப் பிரதேசங்களில் இந்தத் தொல்லை அதிகம். சாணியை அள்ளாமல் விட்ட மேய்ச்சல் இடத்தில் மாடு விடாமல் இருமினால், கைவைத்தியத்தோடு நிறுத்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால், புதுச் சாணியைக் கண்ணாடிப் போத்தலில் ஈரமாக மூடி வைத்து, சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டி, வெளிச்சம் வர ஒரு சிறு துளை மட்டும் விடுங்கள். சுமார் ஒரு வாரத்தில் தண்டுகள் முளைத்து அந்தத் துளையையே குறிபார்த்துச் சுடும். தாளைப் பிரித்தால், துளை இருந்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும்.