சனிக்கிழமை திறக்கும் பல்கலைக்கழகம்

நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், சார்லஸ் ஆற்றங்கரையில் இருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நீண்ட நடைக்கூடத்தில் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் நெரிகிறது. கட்டடங்களை எண் சொல்லி அழைக்கும் வளாகம் அது. கையில் கால அட்டவணையோடு, எண்ணைப் பார்த்துப் பார்த்து வகுப்பறையைத் தேடி ஓடுகிறார்கள். இயற்பியலுக்கு ஓடுபவரும் உண்டு, காகித மடிப்புக் கலைக்கு ஓடுபவரும் உண்டு. எந்த வகுப்பில் உட்காருவது என்பதை அவர்களேதான் முடிவு செய்திருக்கிறார்கள்.

இந்த இரண்டு நாள் நிகழ்ச்சிக்கு 'ஸ்பிளாஷ்' என்று பெயர். 1988இல் தொடங்கியது. ஒரே வார இறுதியில் சில நூறு வகுப்புகள் நடக்கின்றன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வருகிறார்கள். பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் அங்கே படிக்கும் மாணவர்கள். பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள். தங்களைவிட நான்கைந்து வயது இளையவர்களுக்குத் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

மாணவர்களே நடத்தும் அமைப்பு

ஸ்பிளாஷை நடத்துவது 'எஜுகேஷனல் ஸ்டடீஸ் புரோகிராம்' என்ற மாணவர் அமைப்பு. 1957இல் உருவானது. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அதே ஆண்டில்தான். அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோமோ என்று அமெரிக்கா முழுவதும் பதற்றத்தோடு பேசிக்கொண்டிருந்த காலம். ஸ்பிளாஷுக்கு முப்பது ஆண்டு மூத்த நிகழ்ச்சி ஒன்றும் இந்த அமைப்பிடம் உண்டு. 'எச்.எஸ்.எஸ்.பி.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள் தொடர்ந்து பல வாரங்கள், வார இறுதிகளில் வளாகத்துக்கு வந்து ஒரு பாடத்தை முழுமையாகக் கற்கிறார்கள்.

வகுப்பு உருவாகும் விதம் கவனிக்கத்தக்கது. சொல்லிக் கொடுக்க விரும்புபவர் தலைப்பையும், என்ன நடத்தப்போகிறார் என்ற விவரத்தையும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதையும், எத்தனை பேரைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதையும் எழுதிப் பதிவு செய்கிறார். அமைப்பின் நிர்வாகக் குழு அதைப் படித்துப் பார்த்து அனுமதிக்கிறது. பிள்ளைகள் பட்டியலைப் படித்து விருப்பங்களைத் தெரிவிக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு அளவுக்கு மீறி விண்ணப்பம் வந்தால் குலுக்கல்தான். நுழைவுத் தேர்வு கிடையாது; மதிப்பெண் பட்டியலை யாரும் கேட்பதில்லை. வகுப்பு முடிந்த பிறகும் தேர்வு இல்லை, தரவரிசை இல்லை.

பிள்ளை தானே தேர்ந்தெடுத்து வருகிறது. ஆசிரியரும் தானே விரும்பி வருகிறார். சம்பளமும் மதிப்பெண்ணும் நடுவில் இல்லாதபோது பாடம் மட்டுமே மிஞ்சுகிறது. சந்தேகம் கேட்கும் பிள்ளைக்குத் தவறாகக் கேட்டுவிடுவோமோ என்ற பயம் குறைகிறது. அதே சந்தேகத்தில் சில ஆண்டுகளுக்கு முன் சிக்கித் தவித்த ஒருவர் எதிரே நிற்கிறார். எந்த இடத்தில் புரியாமல் போகும் என்பது அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

மாஸ்கோவின் இருபது வயது ஆசிரியர்

இளம் ஆசிரியர் ஒருவர் எவ்வளவு பெரிய மாற்றத்தை உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று மாஸ்கோவில் இருக்கிறது. 1930களின் நடுவில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கணித வட்டங்கள் தொடங்கின. லெவ் ஷ்னிரெல்மான், இஸ்ரேல் கெல்ஃபாண்ட் போன்ற கணித மேதைகள் முன்னின்று நடத்தினார்கள். தொடக்கத்தில் அந்த வட்டங்களில் பிள்ளைகள் ஆளுக்கொரு தலைப்பைத் தயாரித்து வந்து உரையாற்றுவார்கள். பேசுபவருக்குப் புரிந்தது, கேட்டுக்கொண்டிருந்த மற்றவர்களுக்குச் சலித்தது.

இதை மாற்றியவர் டேவிட் ஷ்க்லியார்ஸ்கி. 1938இல் அவருக்கு இருபது வயது. அவரே ஒரு மாணவர். பிள்ளைகளின் உரைகளை நிறுத்திவிட்டு, வகுப்பு நடத்துபவர் சிறிது நேரம் விளக்கம் சொல்வது, மீதி நேரமெல்லாம் பிள்ளைகளே கணக்குகளைப் போட்டுப் பார்த்து, தங்கள் விடையை எல்லோருக்கும் முன்னால் விளக்குவது என்று முறையை மாற்றினார். அந்த ஆண்டு மாஸ்கோ கணித ஒலிம்பியாடில் வழங்கப்பட்ட 24 பரிசுகளில் 12 பரிசுகளை அவரிடம் படித்த பிள்ளைகள் வென்றார்கள். முதல் பரிசுகள் நான்கும் அவர்களுக்கே. அடுத்த ஆண்டே மற்ற வட்டங்களும் அவர் வழிக்கு மாறின. ஷ்க்லியார்ஸ்கி 1942இல் போரில் உயிரிழந்தார். அவர் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் உள்ள கணித வட்டங்களில் உயிரோடு இருக்கிறது.

அந்த முறை கிழக்கு ஐரோப்பா முழுவதும் பரவியது. பல்கேரியாவின் ரூசே நகரில் அப்படியொரு வட்டத்தில் வளர்ந்தவர் ஸ்வெஸ்தெலினா ஸ்டான்கோவா. பின்னாளில் அமெரிக்கா சென்ற இந்தக் கணிதப் பேராசிரியர் 1998இல் பெர்க்லி கணித வட்டத்தைத் தொடங்கினார். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பள்ளிப் பிள்ளைகள் கரும்பலகை முன்னால் நின்று கணக்கோடு மல்லுக்கட்டும் காட்சிக்கு வேர் மாஸ்கோவில் இருக்கிறது.

லண்டன் சொன்ன பாடம்

பிரிட்டனில் இத்தகைய வகுப்புகளுக்கு வேறு தொடக்கம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் இளையோருக்கான அறிவியல் உரைகள் நடந்து வருகின்றன. மைக்கேல் ஃபாரடேயே அங்கே பலமுறை பேசியிருக்கிறார். ஆனால் கணிதத்துக்கு அந்த மேடை கிடைக்க 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வார்விக் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டோஃபர் சீமன் பேசினார். தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. அதற்குக் கிடைத்த வரவேற்பிலிருந்து 1981இல் பிறந்தவைதான் கணித மாஸ்டர்கிளாஸ் வகுப்புகள். பள்ளிகள் பரிந்துரைக்கும் பிள்ளைகள் சனிக்கிழமை காலைகளில், பல இடங்களில் பல்கலைக்கழக வளாகங்களிலேயே கூடுகிறார்கள். பள்ளிப் பாடத்திட்டத்தில் இல்லாத கணிதத்தைப் பேசிப் பார்க்கிறார்கள், வரைந்து பார்க்கிறார்கள், செய்து பார்க்கிறார்கள்.

ஒரு மேடைப் பேச்சைக் கேட்டு வியப்பது வேறு. வாராவாரம் உட்கார்ந்து கணக்குப் போடுவது வேறு. சீமனின் உரை நின்ற இடத்திலிருந்து மாஸ்டர்கிளாஸ் தொடங்கியது. அதனால்தான் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது நடக்கிறது.

யார் உள்ளே வர முடிகிறது?

இத்தகைய வகுப்புகளிடம் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1958 முதல் 'சயின்ஸ் ஹானர்ஸ் புரோகிராம்' நடக்கிறது. பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்கள் சனிக்கிழமை காலைகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், கணினி ஆகியவற்றை உயர்ந்த தரத்தில் படிக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் நுழைவுத் தேர்வில் தேறினால்தான் இடம். பள்ளியில் ஏற்கெனவே முன்னணியில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்கிறது. ஆர்வம் இருந்தும் அடித்தளம் சரியாக அமையாத பிள்ளைக்குத் திறப்பதில்லை.

ஸ்பிளாஷ் எதிர்த் திசையில் நடக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் குறைவு. அதையும் கட்ட இயலாதவர்களுக்கு உதவி உண்டு. தேர்வுக்குப் பதில் குலுக்கல். இரண்டில் ஸ்பிளாஷின் வழியே நியாயமானது. தேர்வு வைத்து வடிகட்டுவதைப் பள்ளிகள் வாரத்தில் ஐந்து நாளும் செய்கின்றன. ஆறாம் நாளிலும் அதையே செய்யப் பல்கலைக்கழகம் தேவையில்லை. அதற்காக ஸ்பிளாஷ் எல்லோரையும் எட்டிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அப்படியொன்று நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் பிள்ளையை அழைத்து வர ஒருவருக்கு நேரம் வேண்டும். கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது எளிது. தூரத்தைத் தள்ளுபடி செய்வதற்கு மேலும் உழைக்க வேண்டும்.

சொல்லிக் கொடுப்பவரும் படிக்கிறார்

இந்த வகுப்புகளால் பயன் அடைவது பிள்ளைகள் மட்டும் அல்ல. தான் கற்ற ஒன்றை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்ல முயலும் கல்லூரி மாணவருக்கு, தனக்கே எங்கே அரைகுறையாகப் புரிந்திருக்கிறது என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். தேர்வுக்கு எழுதியபோது மறைந்திருந்த ஓட்டை, பிள்ளை "ஏன்?" என்று கேட்கும்போது வெளியே வருகிறது. அட்டவணை தயாரிப்பது, அறை ஒதுக்குவது, இரண்டாயிரம் பிள்ளைகளைப் பாதுகாப்பாக உள்ளே அழைத்து வெளியே அனுப்புவது என்று நிர்வாகத்தையும் மாணவர்களே கற்கிறார்கள்.

ஸ்பிளாஷை நடத்திப் பழகியவர்களில் சிலர் 2007இல் 'லேர்னிங் அன்லிமிடெட்' என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வேறு பல்கலைக்கழக மாணவர்கள் இதே போன்ற நிகழ்ச்சியைத் தொடங்க வழிகாட்டுவதும், பதிவுக்கும் அட்டவணைக்கும் தேவையான மென்பொருளைத் தருவதும் அதன் வேலை. ஸ்டான்ஃபோர்ட், யேல் உள்ளிட்ட பல வளாகங்களில் இன்று இத்தகைய நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

இதைத் தொடங்கப் பெரிய முதலீடு தேவைப்படவில்லை. வார இறுதியில் காலியாகக் கிடக்கும் வகுப்பறைகள், சொல்லிக் கொடுக்கும் ஆசையுள்ள சில மாணவர்கள், கதவைத் திறந்துவிடச் சம்மதிக்கும் நிர்வாகம். இந்த மூன்றும் இல்லாத கல்லூரி எங்கும் அரிது. கல்லூரியில் படிப்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தங்கள் வளாகத்தில் சனிக்கிழமைகளில் எத்தனை அறைகள் பூட்டிக் கிடக்கின்றன என்று ஒருமுறை பார்க்கலாம்.

இத்தகைய வகுப்புகளின் தரத்தைத் தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு ஒரு தகவல். டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் 1979இல் எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற 'கோடெல், எஷர், பாக்' என்ற கடினமான நூலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த எச்.எஸ்.எஸ்.பி. வகுப்பின் காணொளிகளை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் 'ஓப்பன் கோர்ஸ்வேர்' தளத்தில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும் அந்தக் காணொளிகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.