சிக்னல் ஜெனரேட்டரும் ஒரு எர்த் வயரும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்களே. தீசிஸ் ஆணி அதிகம். அதுக்கு நடுவுல செஞ்ச ஒரு சின்ன ரிப்பேர் கதைதான் இது.

ஹாஸ்டல் ரூம்ல வெச்சு வேலை பாக்க மலிவு விலைல ஒரு சிக்னல் ஜெனரேட்டர் வாங்கினேன். பிளாஸ்டிக் பெட்டி, பின்னாடி ரெண்டு பின் சாக்கெட். ஒருநாள் ராத்திரி பக்கத்து ரூம் மதுரைக்காரன் தன் தீசிஸ் சென்சார் போர்டைத் தூக்கிட்டு வந்தான். போர்டுக்கு பவர் லேப்டாப்ல இருந்து. லேப்டாப் சார்ஜர் மூணு பின். சிவப்பு கிளிப்பை முதல்ல மாட்டினான், கறுப்பு அப்புறம். அவ்ளோதான், ஆம்ப்ளிஃபயர் காலி. "மாப்ள, நாலு நாள்ல டெமோடா..."ன்னு அவன் நின்ன நிலை இருக்கே!

மறுநாள் மீட்டரை எடுத்தேன். ஜெனரேட்டர் அவுட்புட் சாக்கெட்டோட வெளி வளையத்துக்கும் சுவர் பிளக்கோட எர்த் கிளிப்புக்கும் நடுவுல 108 வோல்ட் ஏசி! கிரவுண்டுன்னு நாம நம்பற இடத்துல. அதே இடத்துல 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டா 0.8 வோல்ட்தான். அதாவது 0.08 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்லாது, கை உணரவே 0.5 மில்லி ஆம்பியர் போல வேணும்.

இது எங்கேர்ந்து வருது? ஸ்விட்சிங் சப்ளைல இரைச்சலைக் குறைக்க மெயின்ஸ் பக்கத்துக்கும் அவுட்புட் பக்கத்துக்கும் நடுவுல 'ஒய்' கெபாசிட்டர்னு ஒண்ணு இருக்கும். என்னோடதுல 2.2 நானோ ஃபாரட். 50 ஹெர்ட்ஸ்ல அது கிட்டத்தட்ட 1.45 மெகா ஓம். எர்த் இல்லாததால அவுட்புட் பக்கம் முழுக்க பாதி மெயின்ஸ் வோல்டேஜ்ல மிதக்குது. சில அலுமினிய லேப்டாப்பைத் தடவினா விரல் 'சுர்ருன்னு' இருக்குமே, அதே சமாச்சாரம். ஆனா ஓட்டம் கம்மின்னாலும், முதல் தொடுதல்ல கெபாசிட்டர்ல இருக்கற சார்ஜ் மொத்தமும் சிப்பு வழியா பாயுது. கறுப்பு கிளிப் முதல்ல போயிருந்தா பிழைச்சிருக்கும்.

வைத்தியம் சுலபம். ரெண்டு பின் சாக்கெட்டை எடுத்துட்டு, ஓட்டையை அரத்தால ராவிப் பெருசாக்கி, மூணு பின் சாக்கெட் வெச்சேன். பச்சை-மஞ்சள் வயரை சப்ளையோட ஜீரோ வோல்ட்ல நேரா இணைச்சேன். அந்த வயர் மத்த ரெண்டைவிட கொஞ்சம் நீளமா இருக்கணும். கேபிளை யாராவது இழுத்தா எர்த்துதான் கடைசியா அறுந்து போகணும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டர்ல 325 வோல்ட் வரைக்கும் நிக்கும், அளந்து பாத்துட்டு கை வைங்க. போர்டுல மெயின்ஸ் பக்கத்துக்கும் மத்த பக்கத்துக்கும் 5, 6 மில்லிமீட்டராவது இடைவெளி இல்லன்னா இந்த வேலையே வேணாம், சப்ளையையே மாத்திடுங்க.

முடிச்சதும் லேப் இன்ஜினியர் கிட்ட காட்டினேன். ஜெர்மன்காரர் ஆச்சே, முகத்துல சிரிப்பே இல்ல. விடிஇ விதிப்படி எர்த் பின்ல இருந்து வெளி வளையம் வரைக்கும் 0.3 ஓமுக்குள்ள இருக்கணும்னு அளந்தார். அப்புறம் 500 வோல்ட் இன்சுலேஷன் சோதனை. பாஸ்! "இனிமே இதுக்கு நீதான் தயாரிப்பாளர்"னு ஒரு குத்தும் வெச்சார்.

நஷ்டம் ஒண்ணு உண்டு. ஆசிலாஸ்கோப் கிரவுண்டும் எர்த், இதுவும் எர்த். இனிமே மிதக்கற சர்க்யூட்ல கறுப்பு கிளிப்பை கண்ட இடத்துல மாட்டினா ஷார்ட்தான். தெரிஞ்சே ஏத்துக்கிட்டேன்.

கொஞ்சம் கொசுவத்தி: ஊர்ல எர்த் குழியில உப்பும் கரியும் போட்டு அப்பா தண்ணி ஊத்தச் சொல்வார். "எதுக்குப்பா மண்ணுக்கு தண்ணி?"ன்னு சிரிச்சிருக்கேன். இங்க எல்லா சுவர்லயும் இருக்கற பிளக்குக்கு ஷூகோன்னு பேரு, ஷுட்ஸ்கோன்டாக்ட், அதாவது பாதுகாப்புத் தொடர்பு. எர்த்தையே பேரா வெச்சிருக்காங்க!

மதுரைக்காரன் போர்டு? புது சிப் சால்டர் பண்ணி, டெமோவுக்கு முந்தின ராத்திரி ரெண்டரை மணிக்கு சைன் வேவ் வந்துச்சு. ரெண்டு பேரும் மேகி சாப்பிட்டுத் தூங்கினோம் :-)

டிஸ்கி: மெயின்ஸ் வேலை தெரியாதவங்க தயவுசெஞ்சு பெட்டியைத் திறக்காதீங்க. அளந்து மட்டும் பாருங்க. உங்க பெட்டி எத்தனை வோல்ட் காட்டுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.