ஒரு குரல், இரு மொழிகள்

பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நமக்குப் பழக்கமான அனுபவம் ஒன்று உண்டு. நம் இல்லத்து வானொலியில் பி. பி. ஸ்ரீநிவாஸ் தமிழில் பாடிக்கொண்டிருப்பார். அடுத்த இல்லத்தில் அதே குரல் கன்னடத்தில் ஒலிக்கும். நமக்கு அது ஜெமினி கணேசனின் குரல். அவர்களுக்கு ராஜ்குமாரின் குரல். 1930-ஆம் ஆண்டு காக்கிநாடாவில் பிறந்து, 2013-ஆம் ஆண்டு சென்னையில் மறைந்த அப்பாடகரை இரு வீட்டாரும் தம்மவர் என்றே போற்றுகின்றனர். சொற்கள் வேறாக இருந்தும் இரு உள்ளங்களையும் உருக்குவது யாது? அதனைச் சிறிது ஆராய்வோம்.

குரல் வளம் என்றதும் உரத்த ஓசையும் உச்ச ஸ்தாயியுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கப் பாடவேண்டிய காலத்தில் அவை இன்றியமையாதனவாக இருந்தன. ஒலிவாங்கி வந்தபின் நிலைமை மாறிற்று. காதருகே பேசுவது போன்ற மென்குரலும், மூச்சின் அசைவும், தாழ்ந்த சுரத்தின் கனிவும் கேட்பவரை அடைந்தன. ஸ்ரீநிவாஸின் கலை இவ்வாய்ப்பை முழுதும் பயன்படுத்திக்கொண்ட கலையாகும்.

இனி, கனிவு என்பது எங்கிருந்து பிறக்கிறது? குரல்நாண்கள் அதிரும்போது எழுவது தனி ஒலி அன்று. அடிப்படை ஒலியுடன், அதன் இருமடங்கு, மும்மடங்கு என்னும் முறையில் அதிரும் துணையொலிகளும் பிறக்கின்றன. தொண்டையும் வாயும் அவற்றுள் சிலவற்றை வலுப்படுத்துகின்றன, சிலவற்றை அடக்குகின்றன. இக்கலவையே ஒருவர் குரலின் நிறம். நன்கு சுருதி சேர்த்த தம்புராவில் மந்தர ஷட்ஜத் தந்தியை மட்டும் மீட்டினாலும், அதனுள் அந்தர காந்தாரம் மெல்லெனக் கேட்பதை இசையறிஞர் அறிவர். செறிவான குரலும் அத்தகையதே. ஏழு சுரங்களுள் முதலாவதற்குக் 'குரல்' என்றே பெயரிட்டனர் பண்டைத் தமிழர் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது.

ஆயினும் நிறம் மட்டும் நெஞ்சைத் தொடுவதில்லை. அடக்கமும் வேண்டும். 1962-ஆம் ஆண்டு வெளிவந்த 'சுமைதாங்கி' படத்தில், மனம் தளர்ந்தவனுக்கு ஆறுதல் கூறும் கண்ணதாசனின் பாடலை ஸ்ரீநிவாஸ் பாடினார். அதில் அழுகை இல்லை, விம்மல் இல்லை. துயரத்தை அறிந்த ஒருவர் அருகில் அமர்ந்து பேசும் அமைதியே உண்டு. வாய்ப்பின்றிச் சென்னையை விட்டே போக எண்ணியிருந்த கவிஞர் வாலி, அப்பாடலை ஸ்ரீநிவாஸ் பாடக் கேட்டு அம்முடிவை மாற்றிக்கொண்டதாகத் தாமே கூறியிருக்கிறார். ஒரு குரல் செய்யக்கூடியது இதனினும் வேறு என்ன?

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1960-இல் வெளிவந்த 'பக்த கனகதாச' என்னும் கன்னடப் படத்தில், கனகதாசராக நடித்த ராஜ்குமாருக்கு ஸ்ரீநிவாஸ் பாடினார். அங்கும் இறைஞ்சும் குரல் உரத்து ஒலிக்கவில்லை, பணிந்தே ஒலித்தது. 1970-களின் நடுவில் ராஜ்குமார் தம் பாடல்களைத் தாமே பாடத் தொடங்கிய பின்னும், கன்னட மக்கள் அப்பழைய குரலை மறந்தாரில்லை.

அடுத்த முறை கேட்கும்போது மூன்றினைக் கவனிப்போம். சுரத்தை அவர் எவ்வாறு தொடுகிறார்? சொல்லின் இறுதியை எவ்வாறு மெல்ல விடுகிறார்? மூச்சை எங்கே மறைக்கிறார்? இவை புலப்பட்டால் சுவை இருமடங்காகும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒரு சொல்லுக்கு நேரான சொல்லைத் தேடி நாள் முழுதும் அலைவதுண்டு. கிடைத்த பின்னும் ஏதோ ஒன்று எஞ்சி நிற்கும். அந்த எஞ்சியதை இக்குரல் எளிதாகக் கடத்திவிடுகிறது. மொழியின் பெயரால் மனக்கசப்பு எழுந்த நாட்களையும் இந்நகரம் கண்டதுண்டு. ஆதலின், அடுத்த வீட்டில் அக்குரல் கன்னடத்தில் எழும்போது நம் சன்னலைச் சற்றே திறந்து வைப்போம். பாட்டின் பொருளை அவ்வீட்டாரிடமே கேட்போம். அவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள். நம் பாட்டின் பொருளையும் கேட்பார்கள்.